தவுக்கே

கல்யாணமாகிப் பதினோரு வருடம்.
கடைசி நான்கில் வீட்டில் மூன்று பேர்:
நான், தேவேந்திரன்,
மண்டை புடைத்த ஒரு லோஹான் மீன்.

தவுக்கே என்று பெயர் வைத்தது அவர்தான்.
கண்ணாடியை முட்டிக்கொண்டு
நம்மையெல்லாம் வேலைக்கு விரட்டுகிற பார்வை அதற்கு.
விலாவில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள்
நம்பராம்.
பூதக்கண்ணாடி வைத்து நாலு எண் படித்துக்
கடையில் போய்க் கட்டுவார்.
இதுவரை விழுந்தது ஒரே ஒரு முறை,
ஆறுதல் பரிசு, அறுபது வெள்ளி.
அதில் ஐம்பத்தெட்டு மீன் தீனிக்குப் போனது.

ஜெலுத்தோங்கில் பதினான்காம் மாடி.
இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் ரோசாக்.
குளியலறைக் குழாய் தீபாவளியிலிருந்து ஒழுகுகிறது,
எந்தத் தீபாவளி என்று கேட்காதீர்கள்.
அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.
இரவில் அது சொட்டுவது கூடக் கேட்காது,
அப்படிக் கொர்ரென்று இரைகிறது மீன்தொட்டி மோட்டார்.
"அது தவுக்கேக்கு மூச்சு" என்பார்.
"எனக்கு?" என்பேன்.
"உனக்கு மூச்சு நல்லாத்தானே இருக்கு,
இல்லன்னா இவ்ளோ பேசுவியா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.
கேட்டுவிட்டேன்:
"மீனுக்குத் தண்ணி மாத்துற கைக்கு
ஒரு வாஷர் மாத்த வலிக்குதா?"
பதில் இல்லை.
பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்டுக்கு பஸ் வந்துவிட்டது.
கட்டிக் கொடுத்த மீ கோரெங் மேசையிலேயே கிடந்தது.
மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா,
டப்பாவைப் பார்த்தால் தெரியாது.

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு விழித்தேன்.
சத்தம் கேட்டு அல்ல.
புளோக் முழுக்க இருட்டு,
தூரத்தில் பாலத்து விளக்குகள் மட்டும் வரிசையாக.
நான்கு வருடம் நான் கேட்ட அமைதி
வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

கைப்பேசி வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன்.
தவுக்கே மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.
உள்ளதைச் சொல்கிறேன்,
ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.
ஒன்றில்லை, இரண்டு இருக்கும்.

பிறகு மக்கை எடுத்தேன்.
மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
மறுபடி மொண்டேன்.
தொட்டித் தண்ணீர் சூடேறியபோது
வாளி ஞாபகம் வந்தது:
இரண்டு நாளாய்ச் சொட்டிச் சொட்டி
குளோரின் வாடை போய்க் குளிர்ந்து கிடந்த தண்ணீர்.
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்தேன்.

சும்மா ஊற்ற முடியுமா, பேசினேன்.
மாமியாரின் பழைய கணக்கு,
வராத பிள்ளைக்கு டாக்டரிடம் அழுத பணம்,
கிளினிக் கவுன்டரில் என்னிடம் கத்துகிறவர்கள்.
தவுக்கே ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்தது.
குறுக்கே பேசவில்லை.
தேவேந்திரனும் முன்பெல்லாம் இப்படித்தான் கேட்பார்,
கொஞ்சம் வாய் திறந்தபடி.

விடியும்வரை கரண்ட் வரவில்லை.

ஏழரைக்குக் கதவு.
மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு,
கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம்.
"தவுக்கே?"
அதுதான் முதல் வார்த்தை.
நான் தள்ளி நின்றேன், பார்த்துக்கொள்ளட்டும் என்று.
மீனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்,
ஊறிச் சுருங்கிய என் விரல்களைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார்.
"நல்ல வேளை,
நான் அந்தக் குழாய ரிப்பேர் பண்ணல."

என் கையில் மக் இருந்தது.
மக்கில் தண்ணீரும் இருந்தது.

சொட்டச் சொட்ட நின்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை,
அடுப்படிக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டேன்.
பொட்டலத்தைப் பிரித்தால்
எனக்குப் பிடித்த மீன் குழம்பு கேட்டு வாங்கியிருக்கிறார்.
தவுக்கே பார்க்காதபடி மறைத்து வைத்துத் தின்றோம்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
அவர் அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.
சேலை கட்டிக்கொண்டு கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன்.
கொர்ரென்று ஒரு சத்தம்.
அதற்குள் இன்னொரு கொர்.
எது மோட்டார், எது மனுஷன் என்று
பிரித்துக் கேட்கப் பார்த்ததில்
பஸ்ஸை விட்டுவிட்டேன்.